அணையிலிருந்து தொட்டிப்பாலம் வரை

செப்டம்பர் 12

கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை வந்து சேர மாலை நாலு ஆகிவிட்டது. வாடகைக்கு எடுத்த கேம்பர் வேன். இரண்டு பேர் படுக்கலாம், ஓரத்தில் சின்ன கேஸ் அடுப்பு. நேராகத் திற்பரப்பு அருவிக்குப் போகலாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. “தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம அருவியில குளிச்சு என்ன மக்களே?”

1906-இல் கட்டி முடித்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை பக்கத்திலேயே இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவர் மூக்கன் துரை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றார். நானும் கழற்றினேன்.

செப்டம்பர் 13

ரப்பர் தோட்டத்து வளைவு ஒன்றில் வேன் திரும்பவில்லை. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் கல்சுவர். பால் வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, அரைமணி நேரம் முன்னும் பின்னும் கை காட்டி எடுத்துவிட்டார்கள். கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். காசை வாங்க மறுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பெரிய வண்டியில் வருகிறவர்கள் மெயின் ரோட்டை விட்டு இறங்காதீர்கள்.

திற்பரப்பில் கூட்டம் குறைவு. கோதையாறு அகலமான பாறையில் பரவி வந்து, சுமார் ஐம்பது அடி விழுகிறது. தலையைக் கொடுத்தால் முதலில் மூச்சு முட்டும், அப்புறம் தோள் வலியெல்லாம் போய்விடும். அப்பா வெகுநேரம் நின்றார். கரையில் மகாதேவர் கோயில். சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடிப்போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தில் இது மூன்றாவது. இளவயதில் காவி கட்டி, கையில் விசிறியோடு “கோவிந்தா கோபாலா” என்று ஓடி வந்து இதே ஆற்றில் முங்கியவர் அவர். இன்று ஈரத் துண்டோடு நடைவாசலில் நின்று கும்பிட்டார்.

செப்டம்பர் 14

உலக்கை அருவிக்கு மலையேற நினைத்திருந்தோம். விடாத மழை, காட்டுப்பாதையில் அட்டை, அப்பாவின் முட்டிவலி. விட்டுவிட்டோம். வேனுக்குள்ளேயே மரச்சீனிக்கிழங்கு அவித்து, மீன்குழம்பு வைத்தோம்.

செப்டம்பர் 15

மாத்தூர் தொட்டிப்பாலம். 115 அடி உயரத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீர் போகிறது. கீழே பரளியாறு தன் போக்கில் ஓடுகிறது. ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு. நடைபாதையில் போகும்போது ஒரு கையால் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். அப்பா கம்பீரமாக நடந்தார்.

விளவங்கோட்டுப் பக்கம் தாத்தாவுக்கு வயல் இருந்தது. மழையை நம்பி ஒரு பூ, அதாவது ஒரு போக நெல்தான் விளைந்ததாம். 1966-இல் பாலம் வந்தபிறகு கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். “வாய்க்கால்ல முதல்ல தண்ணி வந்த அன்னைக்கு அப்பா எங்கள எல்லாம் கூட்டிட்டு ஓடினாரு” என்றார். அந்த வயலில் இப்போது வாழை நிற்கிறது.

வேனில் சுற்றி அக்கரை போய்ச் சேர்ந்ததும் வாய்க்கால் ஓரம் வேனை நிறுத்தச் சொன்னார். படியில் உட்கார்ந்து கால்களைத் தண்ணீருக்குள் விட்டார். இன்று ராத்திரி இங்கேயே.