பறித்த இரண்டாம் இடம்

பந்தைத் தவறவிட்டவரை, ஓரத்தில் நின்ற அவருடைய கணவர்தான் உரக்கத் திட்டினார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இன்று சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் பார்த்த, தன்பாலீர்ப்பாளர்கள் ஆடும் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற விளையாட்டு) ஆட்டம்.

1970களில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிப் பழக மதுக்கூடங்களை விட்டால் வேறு இடம் அரிது. அந்த மதுக்கூடங்களே அணிகளையும் திரட்டின. 1977-ல் இந்த ஊர் அணியும் நியூயார்க் அணியும் மோத, தன்பாலீர்ப்பாளர்களுக்கான முதல் சாஃப்ட்பால் உலகத் தொடர் பிறந்தது. அப்புறம் வட அமெரிக்கா எங்கும் லீக்குகள்.

ஆனால் 2008 சியாட்டில் தொடரை நினைத்தால் இன்னமும் மனசு வலிக்கிறது.

இரண்டாம் இடம் பிடித்த அணியின் ஆட்டக்காரர்களைத் தொடரை நடத்தியவர்கள் ஓர் அறைக்குள் அழைத்து, யார் மீது ஆசை என்று விசாரித்தார்கள். மூன்று பேர் தன்பாலீர்ப்பாளர்கள் அல்ல என்று முடிவுகட்டி, அணியின் இரண்டாம் இடத்தைப் பறித்தார்கள். இருபாலீர்ப்பைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அடைக்கலமாகத் தொடங்கிய இடத்தில் இப்படியா?

அந்த மூவரும் வழக்குப் போட்டார்கள். 2011-ல் சமரசமாகி, பறித்த இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.