வற்றிய கன்னமும் நிரப்பும் சிகிச்சையும்

எனக்கு 12 வயது இருக்கும்போது இடக்கன்னம் மெல்ல வற்றத் தொடங்கியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதால் விழுந்த குழி என்றே பாபநாசத்தில் எங்கள் உறவினர் பலரும் நினைத்தார்கள். அந்த இடத்துத் தோல் கறுத்து, மேலுதடு ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு, கண்ணும் சற்று உள்வாங்கிய பிறகே, தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவர் இதற்குப் பேரி ராம்பெர்க் நோய் என்று பெயர் சொன்னார். கேலப் பேரி என்ற ஆங்கில மருத்துவரின் 1825-இல் வெளியான எழுத்துகளிலும், பின்னர் 1846-இல் ஜெர்மானியரான ராம்பெர்க்கின் எழுத்திலும் விவரிக்கப்பட்ட இந்நோயில், முகத்தின் ஒரு பாதியில் தோல், கொழுப்பு, தசை ஆகியவை மெலிகின்றன. சிறு வயதிலேயே தொடங்கினால் எலும்பின் வளர்ச்சியும் குறையக்கூடும்.

திருச்சியில் நாங்கள் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் உடனே அறுவை சிகிச்சை செய்ய மறுத்துவிட்டார். நோய் அடங்காத நிலையில் குழியை நிரப்பினால் சுற்றியுள்ள இடம் தொடர்ந்து வற்றும் என்பதால், ஓரிரு ஆண்டுகளாவது முகம் மாறாமல் இருப்பதைப் பார்த்தே கத்தியை எடுக்க வேண்டும் என்றார். அதுவரை, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருமுறை, அதற்கான இரத்தப் பரிசோதனை. இந்நோயில் வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு என்பதால் மூளைக்கு எம்.ஆர்.ஐ.

நோய் நின்றதற்குச் சான்று புகைப்படங்கள்தாம். வெயில் நேரே விழாத அதே திண்ணைச் சுவரில் என்னைச் சாய்த்து, நேராகவும் இரு பக்கவாட்டிலும் தாடைக்குக் கீழிருந்தும் அப்பா எடுத்துவைத்த படங்களைத்தான் மருத்துவர் வரிசையாகப் பரப்பி ஒப்பிட்டார். "கல்யாணப் பேச்சு எடுக்கிறதுக்குள்ள முடிச்சிடுங்கண்ணா" என்று அத்தை அப்பாவை அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். நோய் நின்றதா என்று கேட்காமலேயே அன்றே ஊசி போட்டு நிரப்பித் தருவதாகச் சொன்ன ஓர் அழகு நிலைய மருத்துவரும் உண்டு. அங்கிருந்து எழுந்து வந்ததைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

குழி மிக ஆழமாக இருந்தால், தொடையிலிருந்தோ தோள்பட்டைக்குப் பின்னாலிருந்தோ திசுவை இரத்தக் குழாயோடு எடுத்து, முகத்துக் குழாயுடன் நுண்ணோக்கியின் கீழ் இணைப்பார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. சம்பா அறுவடை முடிந்து அப்பா உடனிருக்க முடிந்த மாசி மாதத்தில், வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சி, சுழற்றும் கருவியில் மேலே நிற்கும் எண்ணெயையும் அடியில் தங்கும் இரத்தநீரையும் நீக்கி, நடுவில் எஞ்சியதை மழுங்கிய முனை கொண்ட மெல்லிய குழாயால் கன்னத்தில் துளித்துளியாகப் பல அடுக்குகளில் செலுத்தினார்கள்.

கன்னத்தைவிட வயிறுதான் அதிகம் வலித்தது. இறுக்கமான பட்டையோடு சில வாரங்கள் இருந்தேன். இடப்பக்கம் படுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. கட்டுப் பிரித்தபோது கன்னம் மறுபக்கத்தைவிட உப்பியிருந்ததைக் கண்டு அம்மா கலங்கினார். ஆனால் செலுத்திய கொழுப்பில் கணிசமான பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியே சில மாதங்களில் வடிந்து, இரண்டாம் முறையும் செய்யவேண்டி வந்தது. வயிற்றுக் கொழுப்பு என்பதால் எடை கூடினால் அந்தக் கன்னமும் கூடும். ஆகவே எடையில் கவனமாக இருக்கிறேன்.

காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள், இது நோயால் வந்த குறைக்கான சீரமைப்பு, அழகுக்கானது அன்று என்று சர்ஜனிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உதட்டின் இழுப்பு எனக்கு இன்னும் சற்று இருக்கிறது. அதையும் சரிசெய்யலாம் என்கிறார்கள். இப்போதைக்கு அது அவசியமென்று எனக்குப் படவில்லை.