கரையான் தின்ன ரவி வர்மா லட்சுமி: வெச்சுக்கறதா, தூக்கிப் போடறதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைகள்ல சுத்திட்டு இருந்தப்போ கெடச்சது இது. ஓவியர் ரவி வர்மாவோட ப்ரெஸ்ல அடிச்ச லட்சுமி படம், தாமரை மேல நின்னுட்டு இருப்பாங்க, பக்கத்துல யானை மாலை தூக்கிட்டு நிக்குமே, அதேதான். ஆனா கடைக்காரர் என்கிட்ட வித்தது ஃப்ரேமை மட்டும்தான். "பர்மா தேக்கு தம்பி, படத்தைக் கழட்டி எறிஞ்சிட்டு முகம் பாக்குற கண்ணாடி போட்டுக்கங்க, எல்லாரும் அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க"ன்னார். படத்தோட நெலமையப் பாத்தா அவர் சொன்னதுல தப்பும் இல்ல.

கீழ்ப்பக்கம் தாமரையும் பாதமும் கரையான் தின்னு போயிருச்சு. ப்ரெஸ் பேரு இருக்குற ஓரத்துல லோனாவ்லாங்கற ஊர்ப் பேரோட பாதி எழுத்துதான் மிச்சம். ஒரு மூலையில தண்ணி இறங்கி பழுப்புக் கோடு, அந்த இடத்துல வார்னிஷ் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ராமபாணப் பூச்சி மேலாக்க சுரண்டின தடம் வேற. பின்னாடி பலகை அடிச்சிருந்தாங்க, அந்தப் பலகை இடுக்கு எங்கெங்க இருந்துச்சோ அங்கெல்லாம் படத்துல நேர்கோடா பழுப்பேறி இருக்கு, மரத்துல இருக்குற அமிலம் அத்தனை வருஷமா பேப்பருக்குள்ள இறங்கிட்டே இருந்திருக்கு. வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததும் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க, "பின்னமான சாமி படத்தை வீட்ல வெக்கக் கூடாதுடா, கோயில் மரத்தடியில வெச்சிட்டு வந்துரு."

முதல்ல இது நெஜமான ஓலியோகிராஃபா (ஆயில் பெயின்டிங் மாதிரி தெரிய கல்லச்சுல அடிச்சு வார்னிஷ் பூசுன படம்), பின்னால மெஷின்ல அடிச்ச ஆஃப்செட் காப்பியான்னு பாக்கணும், காப்பின்னா அம்மா சொன்னபடி மரத்தடிக்கே போயிருக்கும். லென்ஸ் வெச்சு கன்னத்தைப் பாத்தேன். ஆஃப்செட்டா இருந்தா புள்ளியெல்லாம் வரிசை கட்டி ஒழுங்கா நிக்கும், இதுல ஒழுங்கே இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு சிதறிக் கெடந்துச்சு. அப்ப கல்லச்சுதான், ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி கல்லு வெச்சு அடிச்சது.

சரி பழசுதான், ஆனா அபூர்வமான்னு கேட்டா இல்லங்க. 1894-ல பம்பாயில ஆரம்பிச்ச ப்ரெஸ் இது, அப்புறம் லோனாவ்லா பக்கத்துல மலவ்லிக்கு மாறி, ரவி வர்மா உயிரோட இருக்கும்போதே ஃப்ரிட்ஸ் ஷ்லைகர்ங்கற ஜெர்மன்காரர் கைக்குப் போயி, 1906-ல ரவி வர்மா செத்த பிறகும் பல வருஷம் அடிச்சுத் தள்ளுனாங்க. அதனால லோனாவ்லான்னு போட்டிருக்கறத மட்டும் வெச்சு "இது ரவி வர்மா காலத்துது"ன்னு யாராவது வெலை ஏத்துனா நம்பாதீங்க. இந்த லட்சுமி நல்ல நெலமையிலயே இன்னும் நெறைய கெடைக்குது. படத்துக்காக மட்டும்னா இவ்வளவு மெனக்கெட வேண்டியதே இல்ல.

மனசு மாறுனது பின்பக்கம் திருப்புனப்பதான். சேலை பார்டர், நகை, கிரீடம் எல்லாத்துலயும் ஜரிகையும் சமிக்கியும் வெச்சு யாரோ தெச்சிருக்காங்க. அந்தக் காலத்துல பல வீடுகள்ல செஞ்சதுதான். பின்னாடி பாத்தா முடிச்சு முடிச்சா நூல், ஒரு எடத்துல நூல் தீந்து வேற கலர்ல தொடர்ந்திருக்காங்க. அச்சடிச்ச லட்சுமி எத்தனையோ இருக்கும், இந்தத் தையல் இதுல மட்டும்தான் இருக்கு! அதனால என் கணக்கு இதுதான்: தையல் இருக்குற உடம்பும் முகமும் நிக்கணும், மத்ததெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே.

இன்னொண்ணு, அந்தத் தையல்தான் முகத்தைக் காப்பாத்தியும் இருக்கு. ஜரிகை மேடா இருந்ததால நடுப்படம் கண்ணாடியத் தொடவே இல்ல, ஒட்டுனது மூலையில மட்டும்தான். அங்க இழுக்காம மெல்லிசான பேலட் கத்திய ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நுழைச்சு எடுத்தேன், நெல்லு அளவு கலர் கண்ணாடியிலயே தங்கிருச்சு, பரவால்ல.

பூச்சி முட்டை இருந்தா தொலையட்டும்னு ஜிப் கவர்ல நல்லா மூடி டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரத்துக்கு மேல வெச்சேன், வெளிய எடுத்ததும் கவரைப் பிரிக்காம ரூம் சூட்டுக்கு வர விட்டேன், இல்லன்னா ஈரம் படத்து மேலயே கோத்துக்கும். அப்புறம் மெத்துன்னு ஒரு ப்ரஷ், துருவுன ரப்பர் தூள், அவ்வளவுதான் சுத்தம் பண்ணுனது. தண்ணி வேண்டாம்னு முடிவு பண்ணக் காரணம் இருக்கு, ஈரப் பஞ்சுக் குச்சிய ஓரத்துல ஒரு செவப்பு நூல்ல வெச்சுப் பாத்ததுமே சாயம் இறங்குச்சு. ஆக அந்தப் பழுப்புக் கோடு போகாது. ப்ளீச்சிங் பண்ணுங்க, லேமினேட் பண்ணிருங்கன்னு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க, சமிக்கி வெச்ச படத்தை லேமினேஷன் மெஷின்ல விட்டா என்ன ஆகும்னு அவங்களே யோசிச்சுக்கட்டும்.

கிழிசல்தான் நேரம் தின்னது. ஊசி ஓட்டை வரிசையா இருக்குறதால பேப்பர் தபால்தலை மாதிரி அந்த வழியாவே விட்டுப் போகுது. பழைய பைண்டிங்காரங்க மைதாப் பசையில மயில்துத்தம் போடுவாங்க, பூச்சி வராதுதான், ஆனா துத்தத்துல இருக்குற செம்பு பேப்பரைச் சீக்கிரம் நொறுங்க வெச்சிரும். இங்க ஏற்கனவே ஜரிகைச் செம்பு பச்சை பிடிச்சு அந்த எடமெல்லாம் பின்னாடி கறை. அதனால வெறும் கோதுமை ஸ்டார்ச் காய்ச்சி வடிகட்டி, ஜப்பான் டிஷ்யூவ (மெல்லிசான, ஆனா உறுதியான நார்ப் பேப்பர்) கத்தரியால வெட்டாம கையால பிச்சு, பின்பக்கம் முடிச்சுக்கு நடுவுல சின்னச் சின்னதா ஒட்டுனேன். ஓரம் பிசிறா இருந்தாத்தான் முன்னாடி கோடு தெரியாது. ஜரிகைக்குப் பாலிஷ் போடல, விட்டுப் போன சமிக்கிக்குப் புதுசு தெக்கவும் இல்ல.

போன பாதத்தை வரையச் சொல்லி வீட்ல கேட்டாங்க, முடியாதுன்னுட்டேன். ஆசிட்-ஃப்ரீ அட்டையில படத்தோட கலருக்குக் கொஞ்சம் மங்கலா சாயம் ஏத்திப் பின்னாடி வெச்சிருக்கேன், தூரத்துலேர்ந்து ஓட்டை கண்ண உறுத்தாது, கிட்ட போனா எது பழசு எது இல்லன்னு தெரிஞ்சிரும். பழைய பலகையும் துருப்பிடிச்ச ஆணியும் குப்பைக்குப் போயாச்சு.

ஃப்ரேம் இப்ப ஆசாரிகிட்ட இருக்கு, சமிக்கி கண்ணாடியில படாம இருக்க உள்ள அரை இஞ்சு இடைவெளி விட்டுச் சட்டம் வெக்கணும். பூஜை ரூமுக்கு வேண்டாம்னு அம்மாவும் ஒத்துக்கிட்டாங்க, காரணம் அவங்களுக்குப் பின்னம், எனக்கு விளக்குப் புகை. வெயில் படாத ஹால் செவுருதான் அதுக்கு.