நகம் தேறியது தேத்தண்ணியைத் தள்ளிவைத்த பிறகுதான்

நகம் உரிகிறது என்று யாரிடம் காட்டினாலும் "கல்சியம் குறைவு, பால் குடியுங்கோ" என்பார்கள். ஆனால் நகத்தில் கல்சியம் மிகக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதற்கு உறுதி தருவது கெரட்டின் என்ற புரதம். நகத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளும் பெரும்பாலும் எங்காவது இடிபட்ட அடையாளம்தான். என்னைப் போல் அவதிப்படும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மதியச் சோற்றுப் பார்சல் செய்து கொடுக்கிறேன். அரிசி களைவது, கீரை அலசுவது, சட்டி பானை கழுவுவது என்று விடிந்தது முதல் கை தண்ணீரில்தான். பெருவிரல் நகங்கள் நுனியில் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் பிரிந்தன. சேலை நூலில் கொளுவி இழுக்கும். சுட்டுவிரல் நகம் நடுவில் குழிந்துபோய், கை கழுவினால் ஒரு துளி தண்ணீர் அந்தக் குழியில் வழியாமல் நிற்கும். படியேறினால் மூச்சும் வாங்கியது.

பார்மசியில் முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் என்ற விற்றமின் குளிசையைக் காட்டினார்கள். விலையைக் கேட்டதும், முதலில் டொக்டரிடம் காட்டுவோம் என்று வந்துவிட்டேன். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும். முட்டை மஞ்சள்கரு, மீன், கச்சான் என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே அது கிடைத்துவிடும். குளிசையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதைக் குடித்துக்கொண்டு இரத்தம் கொடுத்தால் தைரொயிட் போன்ற சில பரிசோதனைகள் பிழையாகக் காட்டக்கூடும். குடிக்கிறவர்கள் இரத்தம் எடுக்க முன் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

டொக்டர் நகத்தைப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், மாதவிடாய் எத்தனை நாள் என்று விசாரித்தார். ஹீமோகுளோபினோடு, உடம்பில் எவ்வளவு இரும்பு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 12க்குச் சற்று மேலே, அதாவது பெண்களுக்குப் போதுமான அளவு. ஃபெரிட்டின்தான் அடிமட்டத்தில் கிடந்தது. உடம்பில் சேர்த்துவைத்த இரும்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்குமாம். அதை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

"சாப்பாட்டோட தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ பிள்ளை?" என்று கேட்டார். கேட்கவும் வேண்டுமா? காலையில் இடியப்பத்தோடு ஒன்று, மத்தியானம் சோறு முடிந்த கையோடு இன்னொன்று. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேயிலையில் உள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் பிடித்துக்கொள்ளும், குடலில் சேர விடாது. பால் விட்டாலும் விடாவிட்டாலும் அதே கதைதான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடச் சொன்னார். அவர் எழுதித் தந்த இரும்புக் குளிசைக்கும் அப்படித்தான்.

குளிசையை விட இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சோறு உண்டதும் வாய் தேத்தண்ணியைத்தான் தேடும். அந்த நேரத்துக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் குடித்துச் சமாளித்தேன். அதிலுள்ள விற்றமின் சி இரும்பைச் சேர்க்க உதவுகிறது. முருங்கையிலை வறைக்கும் பொன்னாங்காணிச் சுண்டலுக்கும் அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிப்புளி விடுகிறோமே, எவ்வளவு நல்ல பழக்கம்! மீன், ஈரலில் உள்ள இரும்பு இன்னும் இலகுவாக உடம்பில் சேரும், கீரையின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும். அதனால் கீரையோடு நெத்தலியோ சூரையோ ஏதாவது வைத்துக்கொண்டேன். குளிசையால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். வயிறு இறுகியதற்குப் பப்பாசிப்பழம் கைகொடுத்தது.

கைக்கும் சில வேலைகள் செய்தேன். நகம் தண்ணீரில் ஊறிப் பருத்து, காய்ந்து சுருங்கி, திரும்பத் திரும்ப இப்படி நடப்பதால்தான் அடுக்காகப் பிரிகிறது. கொழும்பு வெக்கையில் ரப்பர் கையுறைக்குள் கை வியர்த்துக் கொட்டும். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்ட பிறகுதான் தாக்குப்பிடித்தது. படுக்க முன் நகத்தின் அடியில் தேங்காய் எண்ணெய் தேய்ப்பேன். நகத்தைக் கட்டையாக வெட்டி, ஒரே திசையில் அராவினேன். அடித்தோலைத் தொடவே இல்லை. அதை வெட்டினால் கிருமி புகுந்து நகச்சுற்று வரும். கியூடெக்ஸ் போடுகிறவர்கள் அசிட்டோன் இல்லாத நீக்கி கேட்டு வாங்குங்கள்.

பிரிந்த நகம் ஒட்டவே ஒட்டாது. கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், அடியிலிருந்து நுனிவரை புதுநகம் வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அடியில் வழுவழுப்பாக ஒரு பட்டை தெரிந்த அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் நின்று பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்! நகம் தேறி, படியேறும்போது மூச்சு வாங்குவது நின்ற பிறகும், சேமிப்பு நிரம்பவேண்டும் என்று டொக்டர் குளிசையைத் தொடரச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். என் நகத்தைப் போல் இருக்கிறது என்று இரும்புக் குளிசையை நீங்களாகத் தொடங்காதீர்கள். தைரொயிட், பூஞ்சை, சொரியாசிஸ் எல்லாமே நகத்தைக் கெடுக்கும். இலங்கையில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவிகளும் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரத்தம் குறைவாகக் காட்டினாலும் காரணம் இரும்புக் குறைவாக இல்லாமல் இருக்கலாம். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்தால் நாட்கடத்தாமல் தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.