முதல் குதிப்பு இல்லை, மூன்றாவது

செஸ்னா 172 மாதிரி குட்டிப் பயிற்சி விமானங்கள் இறங்கும்போது உடைவது பெரும்பாலும் முதல் குதிப்பில் இல்லை. வேகம் கொஞ்சம் கூடுதலாக வந்து, ஓடுதளத்தில் பட்டதும் விமானம் எம்பும். பதறிப்போன மாணவர் மூக்கைக் கீழே இறக்க கண்ட்ரோலை முன்னால் தள்ளுவார். அவ்வளவுதான்! முன்சக்கரம் முதலில் இடிக்கும், மறுபடி எம்பும், ஒவ்வொரு தடவையும் இன்னும் பலமாக. இரண்டாவது, மூன்றாவது குதிப்பில் அந்தச் சக்கரத்தின் கால் மடங்கி, புரொப்பெல்லர் ஓடுதளத்தை உழும். ஆள் பெரும்பாலும் கதவைத் திறந்து நடந்தே வந்துவிடுவார். இஞ்சினைத்தான் மொத்தமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் (அந்த பில் தனிக் கதை).

எம்பியதும் முழு பவர் கொடுத்து ஏறி, ஒரு சுற்று சுற்றி வந்தால் தீர்ந்தது. என்னைக் கேட்டால், தனியாகப் பறக்க விடுமுன் லேண்டிங்கைவிட இதைத்தான் அதிகம் பழக்க வேண்டும். அப்புறம், அப்படி ஏறும்போது ஃபிளாப்பை (இறங்குவதற்காக இறக்கையின் பின்பக்கம் கீழே இறக்கியிருக்கும் மடல்) ஒரேயடியாக மடக்காதீர்கள், படிப்படியாக!