ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் விலை

சென்ற மாதம் ஓசூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்று நன்கொடையாகக் கொடுத்த 23 பழைய கணினிகள், இரண்டு குட்டி யானை வண்டிகளில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பழைய கணினிகளைச் சரிசெய்து விற்கும் எங்கள் கொட்டகைக்கு வந்து இறங்கின. மாம்பழக் கூடைகளை இறக்குவது போலவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு வண்டிக்காரர் கிளம்பிவிட்டார். என்னிடம் வேலை பழகும் தம்பி, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பார்க்கும் ஆவலில் ஒரு பெட்டிக்கு மின்கம்பியைச் செருகப் போனான். “ஆன் பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் கழட்டலாமேண்ணா” என்றான். வேண்டாம் என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுத்தேன். எங்கள் கொட்டகையில் வந்த பெட்டி எதுவும், அதன் ஹார்ட் டிஸ்க் கழற்றப்பட்டு, வரிசை எண் நோட்டில் ஏறும் வரை உயிர் பெறுவதில்லை. அதற்கு முன் எந்தப் பெட்டிக்கும் நான் விலை சொல்வதும் இல்லை.

இந்தக் கட்டுப்பாடு நான் புத்தகத்தில் படித்துக் கற்றது அன்று. தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், மூடப்பட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய கணினியை விரைவு ஃபார்மேட் செய்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றி, காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவருக்கு விற்றேன். மூன்று வாரம் கழித்து அவருடைய மகன் தவறுதலாக அழித்துவிட்ட தன் கல்லூரிக் கோப்பை மீட்க, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டியிருக்கிறான். அவனுடைய கோப்போடு சேர்ந்து, முன்பின் தெரியாத குடும்பங்களின் குடும்ப அட்டைகளும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கங்களும், பாஸ்போர்ட் அளவுப் படங்களும் நூற்றுக்கணக்கில் வெளியே வந்தன. பையனின் தந்தை என்னைத் திட்டவில்லை. கடைக்கு வந்து, “இதெல்லாம் யாரோட ரேஷன் கார்டுங்க?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் இத்தனை நாள் நினைவில் நின்றிருக்காது.

பத்திரப் பதிவேட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டால் அவருடைய வீடு இடிந்து விழுந்துவிடாது. விரைவு ஃபார்மேட் செய்வதும் அவ்வளவே: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு புதிதாகிறது, கோப்பு கிடந்த இடத்தில் கிடக்கிறது, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை. விஸ்டா பதிப்பு வந்த காலத்திலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது என்றாலும், மணிக்கணக்கில் ஆகும் என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கும் கடைக்காரர் அரிது.

எங்கள் முறை எளிது. டிஸ்க்கை அழிப்பதற்கென்றே உள்ள ஷ்ரெட்ஓஎஸ் என்ற மென்பொருளை ஏற்றிய ஒரு பென்டிரைவ், டிஸ்க்குகளை மாட்ட நான்கு சாட்டா இணைப்புகள் உள்ள ஒரு பழைய மதர்போர்டு, ஒரு யுபிஎஸ். நான்கு டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் மாட்டி, முழுவதும் ஒரு முறை பூஜ்யம் எழுதி, பிறகு எழுதியதைப் படித்துச் சரிபார்க்கிறோம். 500 ஜிபி டிஸ்க் ஒன்றுக்கு எழுத ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், சரிபார்க்க ஏறக்குறைய மறுபடியும் அதே நேரம். 35 முறை எழுதினால்தான் அழியும் என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். அந்த எண் 1996-இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய டிஸ்க்குகள் தரவைப் பதிந்த வெவ்வேறு முறைகள் அனைத்துக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது, புதிய டிஸ்க்குகளுக்கு அது பொருந்தாது என்று பின்னாளில் அவரே எழுதிவிட்டார். ஒரு முறை ஒழுங்காக எழுதிச் சரிபார்த்தால் போதும். சரிபார்க்காமல் 35 முறை எழுதுவது, பூட்டை இழுத்துப் பார்க்காமல் சாவியை மட்டும் திரும்பத் திரும்பத் திருகுவது போன்றது.

இதில் பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. டிஸ்க்கின் ஒரு பகுதி பழுதாகத் தொடங்கினால், டிஸ்க்கே அந்த இடத்தை ஒதுக்கிவிட்டு, கையிருப்பில் வைத்திருக்கும் வேறோர் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட பகுதியில் பழைய தரவு அப்படியே இருக்கக்கூடும். நாம் எழுதும் பூஜ்யம் அங்கே போய்ச் சேராது. எனவே டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் ஐந்தாம் எண் வரியை, அதாவது ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையை, முதலில் பார்க்கிறேன். அது பூஜ்யமாக இல்லாவிட்டால் அந்த டிஸ்க் விற்பனைக்கு இல்லை. இன்னும் இரண்டு வருடம் ஓடுமே என்று தம்பி வருத்தப்படுவான். ஓடும்தான்.

சுழலும் தட்டில் அல்லாமல் சிப்புகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டிக்கு வேறு வழி. எழுதுவதை எந்தச் சிப்பில் வைப்பது என்பதை அதற்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பான கன்ட்ரோலரே முடிவு செய்வதாலும், வெளியில் காட்டும் கொள்ளளவைவிட உள்ளே கூடுதல் இடம் இருப்பதாலும், மேலே எழுதி அழிப்பதை நம்ப முடியாது. அதற்கென்று டிஸ்க்கிலேயே உள்ள செக்யூர் எரேஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பல எஸ்எஸ்டிகளில் அது சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் பல கணினிகளில், கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸ், தொடங்கும்போதே அந்தக் கட்டளையை ஏற்காதபடி டிஸ்க்கை உறைநிலையில் வைத்துவிடும். அப்போது கணினியை ஒரு நிமிடம் தூங்க வைத்து எழுப்பினால் பெரும்பாலும் பூட்டு விலகிவிடுகிறது. முதன்முதலில் இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

தேறாத டிஸ்க்குகளை உடைப்பதிலும் நிதானம் வேண்டும். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் அலுமினியம். டிரில் போட்டால் துளை விழும், சுருள் சுருளாகத் தூள் வரும். மடிக்கணினியின் சிறிய டிஸ்க்குகளில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. அது தெரியாமல் தம்பி முதல் நாள் மூடியைத் திறந்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும், முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னிக்கொண்டிருந்த தட்டு கண்ணிமைக்கும் நேரத்தில் பொடிப்பொடியாகச் சிதறி அவன் சட்டைப் பைக்குள்ளும் விழுந்தது. அதன்பின் சிறிய டிஸ்க்குகளைக் கெட்டியான துணிப்பையில் போட்டு, மூடியைத் திறக்காமலே உடைக்கிறோம்.

டிஸ்க்கின் கதை முடிந்த பிறகு பெட்டியைத் தரம் பிரிப்பது பாதி வேலைதான். மதர்போர்டில் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பது, ரேமின் செப்புப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் துடைப்பது, மூன்று வோல்ட் பட்டன் செல்லை மாற்றுவது என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததும், விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளில் பெரும்பாலானவற்றை ஏற்காததும் நன்கொடையாக வரும் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கின்றன. நான்காம் தலைமுறை ஐ5 சிப் உள்ள பெட்டி ஒன்றில் எட்டு ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால், பள்ளிப் பிள்ளைகளுக்கும் கணக்கெழுதும் கடைகளுக்கும் தாராளமாகப் போதும். அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வராது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை, கீல் உடைந்தும் பேட்டரி உப்பியும் வருகின்றன. மூடியில் அரசு முத்திரை உள்ள அவற்றை நான் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. பழுது பார்த்து, கொண்டுவந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

மிஞ்சுவதைப் பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போட்டால் உடனே காசு வரும். அங்கிருந்து அது எங்கே போகும் என்பதும் தெரிந்ததுதான்: செம்புக்காகக் கேபிளை எரிப்பார்கள், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் ஊறவைப்பார்கள். பழைய டியூப் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் உண்டு. எல்இடிக்கு முந்தைய எல்சிடி மானிட்டர்களின் பின்விளக்கில் பாதரசம் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஒரு வண்டி நிறையச் சேர்த்துத்தான் அனுப்புகிறோம், அதனால் கொட்டகையில் ஒரு மூலை எப்போதும் நிறைந்தே இருக்கிறது.

இந்த 23-இல் பதினாறு தேறின. நேற்று மாலை ஊத்தங்கரையிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்து பதினோராம் எண் பெட்டியைப் பிடித்திருக்கிறது என்றார். அதன் டிஸ்க் அப்போதுதான் சரிபார்ப்பில் இருந்தது. அறுபது சதவீதம் தாண்டியபோது மின்சாரம் போனது, கால் மணி நேரத்தில் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. வேலையை மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது, அப்படியே மாட்டிக் கொடுங்கள் என்றார் அந்த அம்மா. பெட்டியில் புதிய 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, அதற்குரிய விலையில் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினேன். பதினோராம் எண்ணின் பழைய டிஸ்க் இன்று காலை மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது; நோட்டில் அதன் எதிரே உள்ள கட்டம் இன்னும் காலி.