ரேடியோ எடிட் வேண்டாம், முழுசாகக் கேளுங்கள்

எலக்ட்ரானிக் நடன இசையில் உனக்குப் பிடித்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வை என்று நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். எழுதுகிறேன், ஆனால் ஒரு நிபந்தனை. கீழே வரும் எந்தப் பாட்டையும் மூன்றரை நிமிட ரேடியோ எடிட்டில் கேட்டுவிட்டு "இதுல என்னப்பா இருக்கு" என்று என்னிடம் வரக்கூடாது. பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ்டெண்டட் மிக்ஸ், கிளப் மிக்ஸ், 12 இஞ்ச் வெர்ஷன் என்று ஏதாவது போட்டிருக்கும், அதைத் தேடி எடுங்கள். எட்டு நிமிடம் ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

சினிமாப் பாட்டில் பல்லவி, சரணம், இடையிசை என்று திருப்பங்கள் இருக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. நாலு எண்ணிக்கைக்கு நாலு கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி), அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், எட்டு பாருக்கு (ஒரு பார் என்றால் நாலு எண்ணிக்கை) ஒரு தடவையோ பதினாறு பாருக்கு ஒரு தடவையோ ஏதாவது ஒன்று உள்ளே வரும், இல்லை ஏதாவது ஒன்று வெளியே போகும். நடப்பது அவ்வளவுதான். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு நுழைந்ததும் முதுகு தானாக நிமிர்வதும், பாஸை, அதாவது கீழே ஓடும் தடித்த ஒலியை, கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து திரும்ப விடும்போது மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கி ஆடுவதும் காத்திருந்தவர்களுக்குத்தான் கிடைக்கும். ராகம் பாடுகிறவர் தார ஸ்தாயி ஷட்ஜத்துக்குப் போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு அந்த ஷட்ஜத்தை மட்டும் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? ரேடியோ எடிட் செய்வது அதைத்தான். முழு வடிவத்தின் தொடக்கத்திலும் கடைசியிலும் வெறும் டிரம் மட்டும் ஓடுவது டிஜேக்களுக்காக, ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டி இணைக்க அவர்களுக்கு அந்த இடம் வேண்டும். வீட்டில் கேட்கும் நமக்கும் அது பழகிவிடும், நம்புங்கள்.

இந்த நீளம் எப்படி வந்தது என்பதே நல்ல கதை. 1970களின் தொடக்கத்தில் சிங்கிள், அதாவது ஒரே பாட்டுக்காக வரும் சின்ன இசைத்தட்டு, என்றால் மூன்று நிமிடம். ஆட்டம் சூடு பிடிக்கும்போது பாட்டு முடிந்துவிடும், அடுத்தது சரியாக ஒட்டாது, ஆடியவர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள். அமெரிக்காவில் டாம் மோல்டன் என்பவர் இதைக் கவனித்துவிட்டு டேப்பை வெட்டி ஒட்டிப் பாட்டுகளை நீட்ட ஆரம்பித்தார். 1975இல் வந்த குளோரியா கேனரின் 'நெவர் கேன் சே குட்பை' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஓடும், அது இவர் கைவேலை. ஒரு நாள் இவருக்குத் தட்டு வெட்ட 7 இஞ்ச் வெற்றுத் தட்டு தீர்ந்துபோய் 10 இஞ்ச் தட்டைத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம். பெரிய தட்டில் பள்ளங்களை அகலமாக விட்டு வெட்டியதில் சத்தம் கூடுதலாக, பாஸ் தடிமனாக வந்தது. 12 இஞ்ச் சிங்கிளுக்கு வழி பிறந்தது அப்படித்தான். 1976இல் சால்சோல் நிறுவனம் டபிள் எக்ஸ்போஷரின் 'டென் பர்சன்ட்' பாட்டை வால்டர் கிப்பன்ஸைக் கொண்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீட்டிக் கடைக்கு அனுப்பியது. பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த முதல் 12 இஞ்ச் சிங்கிள் அது. பாட்டைப் போட்டுப் பாருங்கள், நடுவில் வயலினும் டிரம்மும் மாறி மாறி வரும் இடம் இன்றைக்கும் அலுக்கவில்லை.

சரி, என் பட்டியல். முதலிடம் யோசிக்காமல் டோனா சம்மரின் 'ஐ ஃபீல் லவ்', 1977. ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் மூனிக்கில் ஒரு மூக் மாடுலர் சிந்தசைசரை வைத்துக்கொண்டு செய்தது. கிட்டத்தட்ட எல்லா ஒலியும் அந்த ஒரு இயந்திரத்திலிருந்து வந்தது, கிக் மட்டும் அதில் திருப்தியாக வரவில்லை என்பதால் கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் உட்கார்ந்து கையாலேயே (காலாலேயே என்று சொல்ல வேண்டும்) அடித்தார். ஹெட்போனில் கேட்டால் பாஸ் இடது காதில் ஒரு தடவையும், ஒரு நொடித் துணுக்கு தாமதமாக வலது காதில் ஒரு தடவையும் விழும். அந்தத் தாமதத்தால்தான் அது குதிரை மாதிரி ஓடுகிறது. இதிலும் எனக்கு ஆல்பம் வடிவம் போதாது. பாட்ரிக் கவ்லி 1978இல் செய்து டிஜேக்கள் மத்தியில் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மிக்ஸ் இருக்கிறது, முறைப்படி 1982இல்தான் வெளியானது, 15 நிமிடம் 45 நொடி. நடுவில் குரல் காணாமல் போய் அவர் சேர்த்த சிந்தசைசர்கள் மட்டும் ஒன்றோடொன்று சண்டை போடும் பகுதிக்காகவே நான் அதைக் கேட்கிறேன். அது வெளியான அதே 1982இல் கவ்லி எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார்.

அடுத்து சிகாகோ. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்ன வெள்ளிப் பெட்டி, தனியாகப் பயிற்சி செய்யும் கிதார்காரர்களுக்கு பாஸ் கிதார் துணையாக இருக்கட்டும் என்று 1980களின் தொடக்கத்தில் வந்தது. பாஸ் கிதார் மாதிரி துளிகூட ஒலிக்கவில்லை, விற்கவில்லை, 1984இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த ஒன்றை ஃபியூச்சர் என்ற குழுவினர் வாங்கிக் குமிழ்களைக் கண்டபடி திருகியதில் பிறந்ததுதான் 1987இல் வந்த 'ஆசிட் டிராக்ஸ்'. பத்து நிமிடத்தைத் தாண்டி ஓடும். அந்த நேரம் முழுக்க ஒரே பாஸ் வரிதான், ஒலியை மழுக்கியும் கூர்மையாக்கியும் காட்டும் ஃபில்டரைத் திறப்பதும் மூடுவதும் மட்டுமே நடக்கும். மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி இதை முதலில் போட்டபோது கூட்டம் ஓடிவிட்டதாகவும், அதே இரவில் விடாமல் திரும்பத் திரும்பப் போட்டு நாலாவது தடவையில் எல்லாரையும் பைத்தியமாக்கிவிட்டதாகவும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். முதல் தடவை கேட்டு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடுங்கள். இதே 303ஐயும் டிஆர்-808 டிரம் இயந்திரத்தையும் வைத்து 1982லேயே மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்று ஒரு ஆல்பம் போட்டிருந்தார். அப்போது யாரும் சீண்டவில்லை, 2010இல் மறுவெளியீடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பைரவ் ராகத்தில் வரும் முதல் துண்டைக் கேட்டுவிட்டு 'ஆசிட் டிராக்ஸ்' கேளுங்கள், ஐந்து வருட இடைவெளியை நம்ப முடியாது.

மிஸ்டர் ஃபிங்கர்ஸ் என்ற பெயரில் லாரி ஹெர்ட் 1986இல் வெளியிட்ட 'கேன் யூ ஃபீல் இட்' ஒரு ஜூனோ-60 சிந்தசைசர், ஒரு டிஆர்-909 டிரம் இயந்திரம், அவ்வளவுதான். டெட்ராய்ட்டிலிருந்து டெரிக் மேயின் 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்', 1987. இதில் பாஸ் வரியே கிடையாது! நடனப் பாட்டில் பாஸ் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள், பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் அடிக்கிற அடியில் பலருக்கு அது இல்லை என்றே தெரியாது.

இப்போது ரீமிக்ஸ். கீழே ஒரு கிக்கைப் போட்டு வேகத்தை ஏற்றினால் ரீமிக்ஸ் ஆகிவிடும் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். எதைச் சேர்க்கிறார் என்பதைவிட எதைத் தூக்கிப் போடுகிறார் என்பதில்தான் ரீமிக்ஸ் செய்பவரின் காது தெரியும். சுசான் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' 1987 ஆல்பத்தில் வாத்தியமே இல்லாத வெறும் குரல். எம்பி3 சுருக்க முறையை உருவாக்கும்போது கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் சோதனைக்கு எடுத்துக்கொண்டது இந்தக் குரலைத்தான். 1990இல் டிஎன்ஏ என்ற பெயரில் இரண்டு ஆங்கிலேயர்கள் யாரையும் கேட்காமல் அதற்கு அடியில் ஒரு தாளத்தைப் போட்டுத் தட்டு அடித்துவிட்டார்கள். வழக்கு போடுவதற்குப் பதில் வேகாவின் இசைத்தட்டு நிறுவனமே அதை வாங்கி வெளியிட்டது, பிரிட்டனில் 2ஆம் இடம் வரை போனது. பாட்டின் கடைசியில் வரும் வெறும் ஹம்மிங்கை அவர்கள் முதுகெலும்பாக்கியதுதான் சாமர்த்தியம்.

எவ்ரிதிங் பட் தி கேர்ளின் 'மிஸ்ஸிங்' 1994இல் வந்தபோது மென்மையான சோகப் பாட்டு, பெரிதாக எடுபடவில்லை. டாட் டெர்ரி அந்தக் குரலில் இருந்த சோகத்தைத் தொடவே இல்லை, கீழே நாலு எண்ணிக்கைக்கு நாலு கிக் விழும் ஒரு ஹவுஸ் தாளத்தை வைத்தார், அவ்வளவுதான், அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம். அழுதுகொண்டே ஆடுகிற உணர்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நேர் எதிர்த் துருவம் டோரி ஏமோஸின் 'புரொஃபெஷனல் விடோ'. மூலத்தில் அவர் ஹார்ப்சிகார்டை உடைக்கிற மாதிரி வாசித்துக்கொண்டு கத்துவார். ஆர்மண்ட் வான் ஹெல்டன் மொத்தப் பாட்டையும் குப்பையில் போட்டுவிட்டு குரலில் ஓரிரு துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பாஸ் வரியின் மேல் ஓட்டினார், 1997 ஜனவரியில் பிரிட்டனில் முதலிடம். மூலப் பாட்டின் ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் நியாயம்தான். எனக்கு இரண்டும் பிடிக்கும், இரண்டையும் ஒரே பாட்டு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ராபின் எஸ்ஸின் 'ஷோ மீ லவ்' உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர் தெரியாவிட்டாலும் அந்த ஆர்கன் தெரியும். ஸ்வீடன்காரர் ஸ்டோன்பிரிட்ஜின் ரீமிக்ஸ். கார்க் எம்1 கீபோர்டில் கம்பெனிக்காரர்களே போட்டுக் கொடுத்த ஒரு ஆர்கன் ஒலியை எடுத்து பாஸாக வாசித்திருக்கிறார், அதற்குப் பிறகு அந்த ஒலியைப் போடாத ஹவுஸ் தயாரிப்பாளர் குறைவு. ஆஷா போஸ்லேயைப் பற்றி கார்னர்ஷாப் குழு பாடிய 'பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா' பாட்டுக்கு நார்மன் குக் செய்த ரீமிக்ஸ் 1998இல் பிரிட்டனில் முதலிடம் போனது, அதில் வேகத்தை ஏற்றியதே வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இப்போது அலுத்துவிட்டது. ஸ்டார்டஸ்டின் 'மியூசிக் சவுண்ட்ஸ் பெட்டர் வித் யூ' (1998) மட்டும் எத்தனை தடவை கேட்டாலும் அலுப்பதில்லை. சாக்கா கானின் 'ஃபேட்' பாட்டிலிருந்து எடுத்த ஒரு சின்னக் கிதார் துண்டு, அது ஃபில்டருக்குள் மூழ்கும், மேலே வரும், மறுபடி மூழ்கும். ஸ்டார்டஸ்ட் குழுவின் மூவரும் சேர்ந்து அந்தப் பெயரில் வெளியிட்டது அந்த ஒரே ஒரு சிங்கிள்தான்.

கடைசியாக நீளத்துக்கே நீளம். டெலீரியத்தின் 'சைலன்ஸ்' பாட்டுக்கு டியெஸ்டோ செய்த ரீமிக்ஸ் பதினோரு நிமிடத்துக்கு மேல், சாரா மெக்லாக்லனின் குரலுக்கு அத்தனை இடம் கொடுத்திருக்கிறார். டெட்மௌஸின் 'ஸ்ட்ரோப்', 2009, 10 நிமிடம் 37 நொடி, முதல் சில நிமிடங்களுக்கு ஆட ஒன்றுமே கிடையாது, ஒரு மெட்டு மட்டும் மெல்ல விரியும், அதைப் பொறுமையாகக் கேட்டவருக்குத்தான் பின்னால் கிக் விழும்போது சிலிர்க்கும். எரிக் பிரிட்ஸின் 'ஓபஸ்' இன்னும் பிடிவாதம். ஒரே சுரக்கோவை ஆமை வேகத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போய்ப் பல நிமிடங்களுக்குப் பிறகுதான் ஆடும் வேகத்துக்கு வந்து சேரும். இதற்கு ரேடியோ எடிட் செய்ய உட்கார்ந்தவர் எதை வெட்டியிருப்பார் என்று யோசித்தாலே சிரிப்பு வருகிறது.

இப்போது வரும் ரீமிக்ஸ்கள் பாதி இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. முதல் முப்பது நொடியில் டிராப் (கிக்கும் பாஸும் ஒன்றாக வந்து விழும் உச்சம்) வராவிட்டால் கேட்பவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார் என்ற பயம் அந்தத் தயாரிப்பிலேயே கேட்கிறது. வேகத்தைக் கூட்டியது, வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்தது என்று ஒரே பாட்டு ஐந்து வடிவத்தில் வருகிறது, எதிலும் யாரும் எதையும் தூக்கிப் போடவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 'மிஸ்ஸிங்' மூலத்தையும் ரீமிக்ஸையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், அப்புறம் 'ஐ ஃபீல் லவ்', 'ஆசிட் டிராக்ஸ்' கடைசியில். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பாஸ் என்று ஒன்று அதில் வரவே வராது, மிச்சம் இருப்பதை வைத்து இந்த இசையை எடைபோட முடியாது. டிரம் அண்ட் பாஸ் என்ற வகையின் பக்கமே இந்தத் தடவை போகவில்லை, அதற்குத் தனியாக எழுதுகிறேன். அதுவரை, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியும் உங்களை உட்கார விடாத ரீமிக்ஸ் ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.